ஞாயிற்றுக்கிழமைப் பதில்

செப்டம்பர் 20, வெள்ளி

இன்று காலாண்டுத் தேர்வில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல். வினாத்தாள் நான் தயாரித்தது. தலைமையாசிரியை இரண்டு முறை புரட்டிப் பார்த்தும் அதில் ஒரு பிழை கிடைக்கவில்லை. அந்த வருத்தம் அவர் முகத்திலேயே தெரிந்தது.

தேர்வு தொடங்கிப் பத்து நிமிடத்தில் கிளாட்சன் கையைத் தூக்கினான். எங்கள் சபைப் பையன்.

"மிஸ், அஞ்சாவது கோடிட்ட இடம். பூமியோட வயசு. இதுக்கு ஞாயிறு பதிலா, வாரநாள் பதிலா?"

ஹாலில் நாற்பது பேர் சிரித்தார்கள். வாசலில் நின்ற கணக்கு வாத்தியாரும் சிரித்தார்.

"இன்னைக்கு என்னடா கிழமை?"

"வெள்ளி மிஸ்."

"அப்புறம் என்ன கேள்வி? எழுது."

என் காலத்துக்குப் பிறகு இந்தக் குறிப்பேட்டை யாராவது படித்தால் குழம்பக் கூடாது. அதனால் விளக்கி வைக்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை நான் ஹெப்சிபா மிஸ், புவியியல் ஆசிரியை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு அதே ஹெப்சிபா மிஸ், நல்மேய்ப்பர் ஆலயத்து ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளர். இருபத்தேழு வருடமாக இரண்டும் நான்தான். பள்ளிப் பாடநூலில் பூமிக்கு வயது 460 கோடி ஆண்டு. ஞாயிறு பள்ளிப் பாடநூலின் நான்காம் பாடத்தில் ஏறக்குறைய ஆறாயிரம். அங்கே அதைச் சொல்லிக்கொடுக்கிறேன், இங்கே இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. வாசலுக்கு ஒரு துடைப்பம், அடுப்படிக்கு ஒரு துடைப்பம் வைத்துக்கொள்கிறோமே, அதுபோலத்தான். பிள்ளைகளும் இதுவரை குழம்பியதில்லை. கிளாட்சன் கணக்கில் சேர மாட்டான். அவன் சத்துணவு முட்டைக்கும் சந்தேகம் கேட்பவன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

திருமண்டலம், அதாவது பேராயருக்குக் கீழுள்ள சபைகள் முழுவதற்குமான ஞாயிறு பள்ளித் தேர்வு. கிரிக்கெட் அணிபோல ஒரு சபைக்குப் பதினொரு பேர். எங்கள் அணியில் பெரும்பாலோர் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தான். அரக்கு முத்திரை வைத்த உறையைப் பிரித்தேன். எட்டாவது கேள்வி: "பூமி படைக்கப்பட்டு ஏறக்குறைய ______ ஆண்டுகள் ஆகின்றன." வெள்ளிக்கிழமை நான் கேட்டதே இரண்டு நாள் கழித்துச் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறது. கிளாட்சன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஆராதனையில் ஆயர் ஐம்பது நிமிடம் பேசினார். நாற்பத்தைந்து நிமிடம் என் வீட்டுக்காரர் தூங்கினார்.

பிறகு எமீமா வீட்டுக்குப் போனேன். பதினொரு பேரில் கெட்டிக்காரி. அவள் அப்பா பாக்கியநாதன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். வயிற்றில் கட்டி என்று ஆகஸ்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அலைகிறார்கள். ஆகஸ்டில் நான் போய் இருபது நிமிடம் ஜெபித்தேன். எனக்கே நிறைவாக இருந்த ஜெபம். வசனம் வசனமாக வந்தது. இன்றும் ஜெபித்தேன். எமீமா காபி கொடுத்தாள். கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று பார்த்திருப்பாள்.

செப்டம்பர் 23, திங்கள்

எங்கள் திருமண்டலத்தில் அந்தந்தக் கண்காணிப்பாளரே விடைத்தாள் திருத்த வேண்டும். பதினொன்றையும் திருத்திக் கூரியரில் அனுப்பிவிட்டேன். பள்ளிக்கூடத்துத் தாள் அறுபத்து நான்கு இன்னும் மேசையில் இருக்கிறது. ஒரே மேசையில் இரண்டு கட்டு, கரண்டும் போய்விட்டது. களைப்பில் எங்கேயாவது கை தவறியிருந்தால் ஆண்டவர் மன்னிக்கட்டும்.

செப்டம்பர் 24, செவ்வாய்

எலுமிச்சை ஊறுகாய் போட்டேன். நேற்றுக் கை எங்கும் தவறவில்லை என்றே நினைக்கிறேன்.

அக்டோபர் 9, புதன்

ஆயர் போன் செய்தார். குரல் நடுங்கியது. யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"டீச்சர், கேடயம் நமக்கு!"

நாற்பத்து மூன்று குடும்பம் உள்ள சபை எங்களுடையது. தேர்வில் முதலிடம் பெறும் சபைக்குக் கொடுக்கிற திருமண்டலக் கேடயத்தை நாங்கள் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். ஒன்பது வருடமாக அது கீழமருதூர் சபையில்தான் இருக்கிறது. கண்ணாடி அலமாரி செய்து வைத்திருக்கிறார்கள். விருந்தாளி வந்தால் பீடத்தைக் காட்டும் முன்பே அலமாரிக்குத்தான் கூட்டிப்போவார்கள். அவர்களை மூன்றே மூன்று மதிப்பெண்ணில் முந்தியிருக்கிறோம்.

ஆயர் போனை வைத்த அரை மணியில் சமாதானம் அண்ணன் வந்துவிட்டார். சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியின் செயலர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். பெயருக்கும் குணத்துக்கும் சம்பந்தமே கிடையாது. போன கோடை வேதாகமப் பள்ளிக்கு ஒரு குழந்தை டைனோசர் படம் போட்ட சட்டையில் வந்தபோது, சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட வைத்தவர். இன்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். பிறகுதான் பிரியாணிக்கு எத்தனை ஆடு என்று பேச்சை எடுத்தார்.

அக்டோபர் 12, சனி

ஆலய வாசலில் பிளக்ஸ் கட்டிவிட்டார்கள். சமாதானம் அண்ணன் படம் பெரியது. ஆயர் படம் அதற்கடுத்தது. பிள்ளைகள் பதினொரு பேரும் தபால்தலை அளவு. கேடயத்தின் படம் கிடைக்கவில்லையாம், ஏதோ கபடிக் கோப்பையைப் போட்டிருக்கிறார்கள். என் பெயரில் 'சி'யை விட்டுவிட்டார்கள். சிவப்புப் பேனாவால் எழுதப் போனேன், எட்டவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

திருமண்டலத்திலிருந்து கடிதம். அப்படியே எழுதுகிறேன்:

"கேடயம் பெறும் சபையின் விடைத்தாள்களை மறுபார்வையிடுவது வழக்கம். தங்கள் சபையின் தாள்களில் எட்டாம் வினாவுக்கு ஏழு மாணவர்கள் '460 கோடி' என்றும், நான்கு மாணவர்கள் '6000' என்றும் எழுதியிருக்க, பதினொருவருக்கும் முழு மதிப்பெண் வழங்கப்பட்டுள்ளது. கண்காணிப்பாளர் 24ஆம் தேதி நேரில் வந்து விளக்கமளிக்கவும்."

ஏழு மதிப்பெண் குறைந்தால் கேடயம் கீழமருதூருக்குத் திரும்பிவிடும். என் பொறுப்பும் போகலாம்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். கரண்ட் போனதால் வந்த வினை என்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு யோசித்தார்.

"கரண்ட் போனது ஏழரைக்கு. நீ அந்தப் பதினொண்ணையும் நாலு மணிக்கே முடிச்சிட்டியே, ஹெப்சி?"

முப்பத்திரண்டு வருடம் சுண்ணாம்புச் சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்தவர். வெடி வைக்கிற நேரம், சங்கு ஊதுகிற நேரம் என்று எதற்கும் மணி பார்த்தே பழகிவிட்டார். இந்தப் பழக்கம் குடும்பத்துக்கு ஆகாது.

அக்டோபர் 15, செவ்வாய்

அவசரக் கமிட்டி. என்னைக் கிழிக்கப் போகிறார்கள் என்று நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். சமாதானம் அண்ணன் எழுந்தார்.

"டீச்சர், நீங்க போட்ட டிக்கு சரிதான்னு நாம நிரூபிச்சாகணும்."

எனக்குக் காது அடைத்துவிட்டதோ என்று தோன்றியது. "அண்ணே, உங்களுக்கு உலகம் ஆறாயிரம் வருஷம்தானே?"

"அது போன வாரம்."

ஆயர் மேசையைப் பார்த்துச் சிரித்தார். இறையியல் கல்லூரியில் படித்தபோது இதைப்பற்றி நிறைய வாசித்ததாகச் சொன்னார். என்ன வாசித்தீர்கள் என்றேன். "அதையெல்லாம் சபையில சொல்ற வழக்கம் இல்ல டீச்சர்" என்றார். ஐம்பது நிமிடம் பேசுகிறவரிடம் இதற்கு மட்டும் நேரம் இல்லை.

அக்டோபர் 16, புதன்

காலை ஏழு மணிக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். சமாதானம் அண்ணன் கால்குலேட்டரோடு வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"கர்த்தருக்கு ஒரு நாள் ஆயிரம் வருஷம் மாதிரி. அப்படித்தானே டீச்சர்? அப்ப படைச்ச ஆறு நாள், ஆறாயிரம் வருஷம்."

"சரி அண்ணே. அதோட ஒரு ஆறாயிரம் சேர்த்தா பன்னண்டாயிரம். நமக்கு வேண்டியது 460 கோடி."

"இருங்க. அந்த ஆறாயிரம் வருஷத்துல எத்தனை நாள்? இருபத்தொரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். அதுல ஒவ்வொரு நாளும் கர்த்தருக்கு ஆயிரம் வருஷம். தட்டுனா…" தட்டினார். "219 கோடி!"

எனக்கே ஒரு நிமிடம் ஆசை வந்துவிட்டது.

"இன்னும் 241 கோடி இடிக்குது அண்ணே."

"லீப் வருஷம் சேர்க்கலையே."

"அது ஒரு கோடிகூட தேறாது."

"ஏழாம் நாள் ஓய்ஞ்சிருந்தாரே, அதையும் போட்டா?" மறுபடி தட்டினார். 255 கோடி. முகம் வாடிவிட்டது. நான்கு இட்லி வைத்தேன், ஐந்தாவது கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அக்டோபர் 18, வெள்ளி

இன்று வேறு வழி பிடித்திருக்கிறார். அந்த ஆறாயிரமே தப்பு என்று காட்டிவிடலாமாம். ஆதாம் முதல் வம்சவரலாற்றில் ஒவ்வொருவர் வயதாக எடுத்துத் தானே மூன்று நாள் கூட்டியிருக்கிறார். முதல் தடவை 5,984. இரண்டாம் தடவை 6,211. மூன்றாம் தடவை ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டது.

"969 வயசு மெத்தூசலாவை ரெண்டு தரம் கூட்டிட்டேன் போல" என்றார்.

பிறகு உற்சாகமாக நிமிர்ந்தார். "டீச்சர், ஆறாயிரம்னு நேரா எழுதியிருக்கிற வசனம் ஒண்ணைக் காட்டுங்கன்னு அவங்களைக் கேட்டா, அவங்ககிட்ட இருக்காதுல்ல?"

"இருக்காது அண்ணே."

கால்குலேட்டரை எடுத்துப் பையில் போட்டார். "அப்ப என்கிட்டயும் இல்லையே" என்றார். காபியைக் குடிக்காமலே எழுந்து போனார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

வகுப்பு முடிந்ததும் 460 கோடி எழுதிய ஏழு பேரையும் நிற்கச் சொன்னேன். விசாரணைக்கு ஒரு காரணம் வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமையில் ஏன் வாரநாள் பதிலை எழுதினீர்கள் என்று கேட்டேன்.

ஆறு பேருக்கும் ஒரே பதில். "வெள்ளிக்கிழமைதான் மிஸ் அதே கேள்வி வந்துச்சு. கை அப்படியே எழுதிடுச்சு." கிளாட்சன் பின் வரிசையிலிருந்து, "நான் காலண்டரைப் பாத்துட்டுதான் மிஸ் எழுதினேன்" என்றான். அவன் ஆறாயிரம் எழுதிய நால்வரில் ஒருவன்.

எமீமா மட்டும் மற்றவர்கள் போகும் வரை நின்றாள்.

"அவங்க மறந்து எழுதினாங்க. நான் தெரிஞ்சுதான் எழுதினேன் மிஸ்."

"எதுக்குடி?"

"நீங்க என்ன போடுவீங்கன்னு பாக்கத்தான். தப்புன்னு போட்டா ஞாயிறு பதில்தான் நிஜம்னு வச்சுக்கலாம்னு இருந்தேன். சரின்னு போட்டா வாரநாள் பதில் நிஜம். இப்ப கடுதாசி வந்துச்சாமே, நீங்க கிளாட்சனுக்கும் சரி போட்டிருக்கீங்க."

"அது…"

"ஆகஸ்ட்ல வீட்டுக்கு வந்து எங்க அப்பாவுக்கு ஜெபம் பண்ணீங்கல்ல மிஸ். சரியாயிடும்னு சொன்னீங்க. அது ஞாயிறு பதிலா, வாரநாள் பதிலா?"

அவள் திமிராகக் கேட்கவில்லை. திமிராகக் கேட்டிருந்தால் ஒரு அறை விட்டிருப்பேன், எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

"ஆராதனைக்கு மணியடிக்கப் போறாங்க, போய் உக்காரு" என்றேன். யாரும் மணியடிக்கவில்லை. நானே போய் அடித்தேன். பத்து நிமிடம் முன்னதாகவே ஆராதனை தொடங்கிவிட்டது. ஆயர் அங்கியில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி ஓடிவந்தார்.

அக்டோபர் 21, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. மாவு புளித்துவிட்டது.

அக்டோபர் 22, செவ்வாய்

சரி, எழுதுகிறேன். என்னைத் தவிர இதை யார் படிக்கப் போகிறார்கள்.

கை தவறவில்லை. அன்று நாலு மணிக்கு வெளிச்சம் நன்றாக இருந்தது. எமீமா தாளைத்தான் முதலில் எடுத்தேன். 460 கோடி என்று அழகாக எழுதி, அடிக்கோடு வேறு போட்டிருந்தாள். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சரியான பதிலைத் தப்பு என்று போட இருபத்தேழு வருடம் திருத்திய கை வரவில்லை. டிக் போட்டேன். போட்டதும் ஒரு சந்தோஷம் வந்தது, அதையும் மறைப்பானேன். ஆறு தாள் கழித்துக் கிளாட்சன். ஆறாயிரம். அது நானே சொல்லிக்கொடுத்தது, அதை எப்படித் தப்பு என்று போடுவேன்? அதற்கும் டிக். சந்தோஷம் போய்விட்டது. உறையை ஒட்டிவிட்டேன்.

எனக்கு இரண்டும் ஒன்றோடொன்று முட்டியதே இல்லை. பிள்ளைகளை வருடா வருடம் செம்மண் ஓடைக்குக் கூட்டிப்போவேன். அரியலூர்ப் பக்கத்து ஆசிரியைக்கு இது ஒரு கொடுப்பினை, கடல் பத்துக் கோடி வருடத்துக்கு முன்னால் விட்டுப்போன சிப்பியும் சுருண்ட நத்தையும் காலில் இடறும். அங்கே நின்றால் எனக்குத் தானாக ஜெபம் வரும். இத்தனை காலம் பொறுமையாக உட்கார்ந்து செய்திருக்கிறாரே என்று வரும். ஆனால் அதை ஒரு ஞாயிறுகூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. வயதைச் சந்தேகப்பட்டால் பிள்ளைகள் படைத்தவரையும் சந்தேகப்படுவார்கள் என்று பயந்தேன். கமிட்டிக்கும் பயந்தேன். கடைசியில் நான் கற்றுக்கொடுத்தது இரண்டில் எதுவும் இல்லை. எதிரில் இருப்பவர் எதைக் கேட்க விரும்புகிறாரோ அதை எழுது என்பதைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அதை அந்தப் பெண் நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டாள். இப்போது என் ஜெபத்தையும் அதே பட்டியலில் சேர்த்துவிட்டாள். வெட்கமாக இருக்கிறது.

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம், "சுரங்கத்துல அத்தனை சிப்பி பாத்திருப்பீங்களே, ஒண்ணும் தோணலையா?" என்று கேட்டேன். கல்யாணமாகி முப்பது வருடத்தில் இப்போதுதான் கேட்கிறேன்.

"சேர்ந்த புதுசுல அப்ப இருந்த ஆயர்கிட்ட கேட்டேன். நோவா காலத்து வெள்ளம்னார். சரின்னேன். அதுக்குக் கீழ வெட்டினோம், வேற மாதிரி சிப்பி. அதுக்கும் கீழ வெட்டினோம், இன்னும் வேற. எத்தனை வெள்ளம்தான் வந்திருக்கும்?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கர்த்தர் நிதானமா வேலை செய்யறவர்னு நினைச்சுக்கிட்டேன். ரசத்தை ஊத்து."

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"நீ ஞாயிறு பள்ளி டீச்சராச்சே. மனசு கஷ்டப்படுவேன்னு சொல்லல."

அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. ரசத்தைக் கீழே கொட்டிவிட்டேன்.

அக்டோபர் 24, வியாழன்

பெரிய நாள். விவரமாக எழுத வேண்டும்.

காலை ஆறரைக்கு வேன். ஆயர், சமாதானம் அண்ணன், நான், பிறகு எமீமாவும் கிளாட்சனும். கேடயத்தைக் கையோடு வாங்கி வந்துவிடலாம் என்ற நம்பிக்கையில் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சீருடை போட்டுக் கூட்டிவந்துவிட்டார் அண்ணன். கேடயத்தைச் சுற்ற ஒரு கம்பளி வேறு. எமீமா ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

திருமண்டல அலுவலகத்தில் இருந்த ஞாயிறு பள்ளி இயக்குநர், போதகர் சற்குணம், நல்ல மனிதர். எல்லோருக்கும் டீ வரவழைத்தார். சமாதானம் அண்ணன் கால்குலேட்டரை எடுத்து 219 கோடியில் ஆரம்பித்தார். இயக்குநர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"செயலர் ஐயா, அதெல்லாம் வேணாம். நானே ஒரு வழி வச்சிருக்கேன். பரீட்சையில கேள்வி தப்பாப் போனா என்ன செய்வாங்க? எழுத முயற்சி பண்ணின எல்லாருக்கும் மார்க். எட்டாவது கேள்வியை அப்படி வச்சுடறோம். ஆறாயிரம் எழுதினவங்களுக்கும் மார்க், கோடி எழுதினவங்களுக்கும் மார்க். கேடயம் உங்களுக்குத்தான்."

அண்ணன் கம்பளியைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"டீச்சரம்மா மட்டும் 'கவனக்குறைவால் தவறுதலாக மதிப்பெண் இட்டுவிட்டேன்'னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க. ஃபைலை மூடிடலாம்."

வெள்ளைத் தாளும் பேனாவும் முன்னால் வந்தன. அன்று வீட்டு மேசையில் நான் போட்ட அதே தீர்ப்பு. எல்லோருக்கும் டிக், யாருக்கும் வருத்தமில்லை. இப்போது அது திருமண்டலத்தின் தீர்ப்பாகவும் ஆகப் போகிறது. ஒரு வரிதான். பேனாவைத் திறந்தேன். எமீமா கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செப்டம்பரில் காபி கொடுத்தபோது பார்த்த அதே பார்வை. அன்று அவள் சர்க்கரைக்காகப் பார்க்கவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.

பேனாவை மூடிவிட்டு எழுந்தேன்.

"தப்பு பண்ணினது உண்மைதான் ஐயா. ஆனா 460 கோடிக்கு மார்க் போட்டது தப்பு இல்ல. அந்த நாலு பேருக்குப் போட்டதுதான் தப்பு."

டீ கொண்டுவந்தவர்கூட நின்றுவிட்டார். "அது நீங்களே சொல்லிக்கொடுத்த பதில்தானே மிஸ்?" என்றான் கிளாட்சன். நியாயமான கேள்வி. முதல் தடவையாக நியாயமான கேள்வி கேட்டான்.

"ஆமாண்டா. தெரிஞ்சே தப்பாச் சொல்லிக்கொடுத்தேன். மன்னிச்சுடு."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, அப்ப நீங்க ஆதியாகமத்தை நம்பலையா?"

"நம்பறேன் ஐயா. அவர்தான் படைச்சாருன்னு நம்பறேன். எத்தனை வருஷம் எடுத்துக்கிட்டாருன்னு அந்தப் புத்தகம் எங்கயும் சொல்லல. செயலர் மூணு நாள் தேடிப் பாத்துட்டார். அதைக் கர்த்தர் பூமியிலயே விட்டு வச்சிருக்கார். எங்க வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருஷம் அந்தக் கல்லைத்தான் வெட்டினார். ரெண்டையும் எழுதினவர் ஒருத்தர்தான் ஐயா. நான்தான் ரெண்டுக்கும் நடுவுல சுவர் வச்சு, இந்தப் பிள்ளைங்களை ஒரு பக்கத்துல ஒண்ணு, மறு பக்கத்துல ஒண்ணுன்னு சொல்ல வச்சேன். இனிமே என்னால முடியாது."

உட்கார்ந்துவிட்டேன்.

இயக்குநர் வெகுநேரம் டீயைக் கலக்கினார். அதில் சர்க்கரையே போடவில்லை. "இதை இவ்வளவு சத்தமா சொல்லியிருக்க வேணாம்மா" என்றார். பிறகு கணக்குப் பார்த்தார்கள். மற்றச் சபைகளின் தாள்களை மறுபடி திறக்க மாட்டார்களாம். நான் சொன்னபடி நாலு மதிப்பெண் கழித்தால் ஒரு மதிப்பெண்ணில் நாங்கள் இரண்டாவது. பாடநூல்படி ஏழு கழித்தால் நாலு மதிப்பெண்ணில் இரண்டாவது. எப்படிப் பார்த்தாலும் கேடயம் கீழமருதூருக்குத்தான். அலமாரியை அவர்கள் பூட்டக்கூட இல்லையாம். அடுத்த உத்தரவு வரும் வரை நான் கண்காணிப்பாளர் பொறுப்பிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். இருபத்தேழு வருடம், அரைப் பக்கத்தில் முடிந்தது. வலிக்கத்தான் செய்கிறது.

வேனில் திரும்பும்போது சமாதானம் அண்ணன் கம்பளியை மடியில் வைத்திருந்தார். பாதி வழியில் திரும்பினார். திட்டப் போகிறார் என்று தயாரானேன்.

"ரெண்டு ஆட்டுக்கு முன்பணம் கொடுத்தாச்சு" என்றார்.

"மன்னிச்சுடுங்க அண்ணே."

"பிளக்ஸை வேற அவுக்கணும்." வேன் கொஞ்ச தூரம் போனது. "டீச்சர், அந்த 460 கோடியை எப்படிங்க கண்டுபிடிச்சாங்க? கூட்டித்தானா?"

சொன்னேன். கல்லுக்குள் சில பொருள்கள் மாறாத வேகத்தில் வேறொன்றாக மாறிக்கொண்டே இருப்பதையும், எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து வயதைச் சொல்வதையும் விளக்கினேன். வாய் திறந்து கேட்டார். "அப்ப மெத்தூசலாவை ரெண்டு தரம் கூட்ட வழியே இல்ல" என்றார். ஆயர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கிளாட்சன் தூங்கிவிட்டான்.

சாயங்காலம் ஐந்தரைக்கு எமீமா தெருமுனையில் வேன் நின்றது. அவள் இறங்கினாள். நான்கு அடி போனாள். திரும்பி வந்து என் பக்கத்து ஜன்னலைத் தட்டினாள்.

"மிஸ், நாளைக்குக் காலைல அப்பாவுக்கு ஆபரேஷன்."

"தெரியும்டி."

"ஜெபம் பண்றீங்களா?"

"வீட்டுக்குப் போனதும் பண்றேன்."

"இப்பவே பண்ணுங்க மிஸ்."

இறங்கினேன். தெருவில் லாரி ஒன்று சுண்ணாம்புத் தூளைக் கிளப்பிவிட்டுப் போனது. அவள் இரண்டு கையையும் நீட்டினாள், பிடித்துக்கொண்டேன். வசனம் ஒன்றும் வரவில்லை. சரியாகிவிடும் என்று சொல்லவும் வாய் வரவில்லை. "ஆண்டவரே, இவளுக்கு இவ அப்பா வேணும்" என்றேன். அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை.

ஆமென் என்றாள் எமீமா. என் கையை அவள் விடவில்லை.